தரையில் சொட்டு இல்லை, டேங்கில் தண்ணீரும் இல்லை!

பழைய கார்கள் பற்றிய உங்கள் கேள்விகளுக்குக் கோவைப் பட்டறைக்காரரின் பதில்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2002 மாடல் மாருதி ஜென். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசு வரவில்லை. கொஞ்ச நாளாக, என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் குறைந்துகொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ரிசர்வ் டேங்கில் மேல் கோடு வரை ஊற்றினால், அடுத்த ஞாயிறு கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விடுகிறது. வண்டி நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஏற்காடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுகிறது, இறங்கும்போது தானாகச் சரியாகிவிடுகிறது. மேலே போய் நிறுத்தினால் முன்பக்கத்திலிருந்து வெல்லம் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பெல்ட் கொஞ்ச நேரம் கீச்சிடும். எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார். இறக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம் தம்பி. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவு வராமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போயிருந்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு, அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. என்ஜின் ஆயில் வெளுத்துக் குழம்பிப் போயிருக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் உள்ளே குமிழி விடாமல் வந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் நீங்களே வீட்டு வாசலில் பார்த்துவிடலாம். அதற்கும் மேலே சந்தேகம் என்றால், ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீல நிறத் திரவம் ஒன்று இருக்கிறது. சிலிண்டர் புகை தண்ணீரில் கலந்தால் அது மஞ்சளாக மாறும். இவ்வளவும் பார்க்காமல் ஹெட்டை இறக்குவது, காய்ச்சல் என்றதும் வயிற்றைக் கிழிக்கிற வைத்தியம்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். அதில் மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது, ரிசர்வ் டேங்கில் அளவு குறைகிறது என்பதே ஒரு நல்ல செய்தி. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு உண்டு. சூட்டில் தண்ணீர் விரியும்போது ஒன்று திறந்து, மிச்சத்தை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். ஆறும்போது மற்றது திறந்து, அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் டேங்கிலிருந்து தண்ணீர் உள்ளே போகிறது என்றால் இழுக்கிற வால்வு வேலை செய்கிறது. உள்ளே போனது வேறு எங்கோ வெளியேறுகிறது.

இரண்டாவது, அந்த வெல்ல வாசனை. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் சூட்டில் அப்படித்தான் மணக்கும். காருக்குள் அடிக்காமல் முன்பக்கம் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, டாஷ்போர்டுக்குள் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஹீட்டர் கோரை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். அது ஒழுகினால் முன் சீட்டுக் கால்மிதியடி பிசுபிசுக்கும், கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மூடும்.

மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: காலையில் கீச்சிடும் பெல்ட். ஜென்னின் 993 சிசி என்ஜினில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே வி-பெல்ட்தான், கூலன்ட்டை என்ஜினுக்குள் ஓட வைக்கிற வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் கசிந்தால் அந்த ஈரம் பெல்ட்டில் தெறிக்கும். ஈரப் பெல்ட் வழுக்கும், கீச்சிடும், சூடானதும் காய்ந்து வாயை மூடிக்கொள்ளும். பெல்ட் வெறுமனே தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூலன்ட் குறைவதும் இதுவும் சேர்ந்து வந்தால் என் விரல் முதலில் வாட்டர் பம்பைத்தான் காட்டும்.

அப்படியானால் தரையில் ஏன் சொட்டு இல்லை? இந்தக் கேள்விதான் பாதிப் பேரைத் தப்பான வழியில் கொண்டுபோய் விடுகிறது. மூடியின் மேல் 0.9 என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரை அது திறக்காது என்று அர்த்தம். அந்த அழுத்தம் வண்டி ஓடிச் சூடேறினால்தான் உண்டாகும். மலை ஏறும்போது முழு அழுத்தம், அதிக ஆர்பிஎம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். பம்பிலிருந்து தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் தேய்ந்திருந்தால் அப்போதுதான் விடும். வெளியே வந்தது சூடான பிளாக்கில் பட்டு ஆவியாகிவிடும். வீட்டுக்கு வந்து ஆறினால் அழுத்தமும் இல்லை, கசிவும் இல்லை. தரையைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும்.

ஆனால் ஆவியானது தண்ணீர் மட்டும்தான். அதில் இருந்த சாயமும் உப்பும் அங்கேயே படிந்து நிற்கும். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு சின்னக் கைக்கண்ணாடி. வலது சக்கரத்துப் பக்கம் பெல்ட் ஓடுகிற இடத்தில், வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்த கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தால் திருடன் அகப்பட்டான். பம்பின் உடலில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அது உடைசல் அல்ல, வேண்டுமென்றே வைத்தது. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து உங்களுக்குத் தகவல் சொல்வதற்காக. அதில் எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அடைத்தால் தண்ணீர் பேரிங் கிரீஸைக் கழுவிவிடும், பேரிங் இறுகிவிடும், பெல்ட் அறுந்துவிடும். அதுவும் மலைப்பாதையில்தான் அறும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கைப்பம்பு, அதில் ஒரு மீட்டர். ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் இதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை காற்றடித்து, கால் மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ விடுகிறது. வண்டி ஆறியிருப்பதால் வெளியே வரும் தண்ணீர் ஆவியாகாது, சொட்டாகவே நிற்கும், இடம் தெரிந்துவிடும். மூடியில் உள்ள அளவுக்கு மேல் அடிக்க விடாதீர்கள். இருபது வருஷத்து ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அந்த இடத்திலேயே வாய் பிளக்கும், புதிதாக ஒரு கசிவுதான் மிச்சம். அதே கருவியில் மூடியையும் தனியாக மாட்டிச் சோதிக்கலாம். ரப்பர் செத்துப்போன மூடியால் ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள் உண்டு.

பம்ப் இல்லை என்றால் அடுத்து ஹோஸ்கள். கிளாம்புக்கு அடியில் மறைந்திருக்கும் நுனிகளைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அப்புறம் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோரும் (நடுவில் இருக்கும் குழாய் அடுக்கு) சேர்கிற விளிம்பு. அப்புறம், சூட்டைப் பொறுத்துத் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டின் மூடியில் இருக்கும் கேஸ்கெட். இவ்வளவும் சுத்தம் என்ற பிறகுதான் ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

பம்ப்தான் என்று உறுதியானால், ஒரு முக்கியமான விஷயம். இந்த என்ஜினில் பம்பைக் கழற்ற, வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற டைமிங் பெல்ட்டை இறக்கியே ஆக வேண்டும். ஆகவே பம்போடு டைமிங் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், வி-பெல்ட் மூன்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். கூலி ஒரே கூலிதான். பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டி மிச்சம் பிடிப்பது எனக்குப் பிடிக்காத சிக்கனம். பம்ப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் கழற்றிப் போட்ட சாமான்கள் எவ்வளவோ நல்லதாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, விளக்கு, சீட் எல்லாம் தாராளமாக வாங்குங்கள். சீல் உள்ள சாமானை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய கேஸ்கெட்டை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். கேஸ்கெட்டின் மேல் அனபாண்ட் பசையைத் தாராளமாக அப்புவது நம் ஊர்ப் பழக்கம். பிதுங்கியது வெளியே தெரியும், துடைத்துவிடுவார்கள். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் உட்காரும்.

கடைசியாகத் தண்ணீர். போர் தண்ணீர் கூடவே கூடாது, அதில் இருக்கும் சுண்ணாம்பு முழுக்க உள்ளே படியும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டர் போதும். கூலன்ட் அடர்த்தியானதாக இருந்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம். டப்பாவில் 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்தபடி நிறுத்தி, ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி, மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் காற்று குமிழியாக வெளியே வரும். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சுட ஆரம்பித்து, ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும், குமிழி வரவில்லை என்று பார்த்துவிட்டு மூடலாம். காற்று சிக்கியிருந்தால் புதுப் பம்ப் போட்டும் முள் ஏறும், மெக்கானிக் மறுபடியும் ஹெட்டைக் காட்டுவார்.

கொஞ்ச நாள் ஊருக்குள் ஓட்டி, அளவு குறையவில்லை என்று தெரிந்த பிறகு ஏற்காடு போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முள் அசையாவிட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் 1980களின் அம்பாசடர் இருக்கிறது. ரேடியேட்டரில் ஒழுகல். லாரி ஓட்டிய மாமா ஒருவர், "மஞ்சள் தூள் போடு மாப்ளே, அடைச்சுக்கும்" என்றார். போட்டேன், நின்றுவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் மாமா சொன்னது பொய்யில்லை. நடுராத்திரியில் ஊர் போய்ச் சேர அது கைகொடுக்கும். தூள் தண்ணீரில் ஊறி உப்பி, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சள் தூளுக்குத் தெரியாது. கடையில் டப்பாவில் விற்கிற ஒழுகல் அடைப்பான் மருந்துகளும் இதே கதைதான். இன்றைக்கு ஒழுகல் நிற்கும், சித்திரை வெயிலில் ஹீட் ஏறும்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. உங்கள் ரேடியேட்டர் பித்தளை. இன்றைய கார்களின் பிளாஸ்டிக் டேங்க் வெடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். உங்களுடையதை ஈயம் பற்றவைத்துச் சரிசெய்யலாம். பொள்ளாச்சியில் லாரி, டிராக்டர் பார்க்கிற பழைய ரேடியேட்டர் கடையைத் தேடிப் பிடியுங்கள். வாயை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று விடுவார்கள், குமிழி வருகிற இடத்தில் பற்றவைப்பார்கள். அதோடு நிறுத்தாமல், மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். மஞ்சளும் பழைய துருவும் அப்போதுதான் போகும். குழாய்கள் நிறைய இடத்தில் அரித்திருந்தால் ஒட்டுப் போட்டுக் காலம் தள்ளாதீர்கள், குழாய் அடுக்கான கோர் முழுவதையுமே புதிதாக மாற்றிவிடலாம்.

வண்டியில் திரும்ப மாட்டும்போது ஃபேன் பெல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஃபேன் கரன்டில் ஓடுவதில்லை, பெல்ட்டில் ஓடுகிறது. பெல்ட் தளர்ந்தால் ரேடியேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: சான்ட்ரோ கார். வெயில் காலத்தில் வண்டியை நிறுத்தினால் இடது பக்கம் முன்னால் தண்ணீர் சொட்டிக் குட்டை கட்டுகிறது. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஏசி போட்டு ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினீர்களா அம்மா? அப்படியானால் அது ஏசி தண்ணீர். விரலில் தொட்டுப் பாருங்கள். நிறம், வாசனை, வழுவழுப்பு எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். சென்னைப் புழுக்கத்தில் சொட்டாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஏசி தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்தால் தண்ணீர் காருக்குள் வரும்.

கேள்வி: போன மாதம் நாங்குநேரி தாண்டியதும் முள் சிவப்புக்குப் போய், பானெட்டிலிருந்து ஆவி வந்தது. டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். ஊற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நின்றுகொண்டிருந்ததுதான் சரி. நம் சாலைகளில் ரேடியேட்டர் மூடியால் கையும் முகமும் வெந்துபோனவர்களுக்குக் கணக்கே இல்லை. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். 0.9 மூடி என்றால் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 118 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் ஒரே கணத்தில் ஆவியாகி மேலே பாயும்.

அடுத்த முறை முள் ஏற ஆரம்பித்ததுமே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். ஹீட்டர் கோர் என்பது ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை அது எடுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை இது தாங்கும். முள் சிவப்புக்குப் போய்விட்டால், ஆவி வந்துவிட்டால், அப்புறம் யோசனை வேண்டாம். நிறுத்தி என்ஜினை அணையுங்கள். மேல் ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிகிற வரை மூடிப் பக்கம் போகக் கூடாது. அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். டீக்கடை பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆறிய பிறகும் கனத்த துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் கட்டம் வரை மட்டும் திருகி, சீறல் அடங்கியதும் முழுதாகத் திறங்கள்.

சூடான என்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் அலுமினிய ஹெட் வளையும், விரிசலும் விடலாம். அப்புறம் லேத்துப் பட்டறையில் வளைந்த ஹெட்டைச் சமமாக்குகிற ஃபேஸிங், புதுக் கேஸ்கெட் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். ஆறிய பிறகு அந்தக் குடத்துத் தண்ணீரையே ஊற்றி ஊர் போய்ச் சேரலாம். ஆனால் கசிவைச் சரிசெய்த கையோடு அதை முழுக்க வடித்துவிட்டுக் கூலன்ட் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மெக்கானிக், "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். வண்டி இப்போது ஹீட்டே ஆவதில்லை. மைலேஜ்தான் குறைந்த மாதிரி இருக்கிறது.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மாதிரி என்ன, குறைந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் இருப்பது என்ஜின் சீக்கிரம் சூடேறி அந்தச் சூட்டிலேயே நிற்பதற்காக. பல கார்களில் அது 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்கும். அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரம் ஆகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர், "இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். என்ஜின் தேய்மானமும் ஜாஸ்தி. வெயில் 40 டிகிரி அடித்தாலும் என்ஜினுக்கு அது குளிர்தான்.

கழற்றியது கையில் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் முன்னால் வாய் திறந்து, ஆறும்போது மூடினால் அது நல்ல தெர்மோஸ்டாட். புதுக் கேஸ்கெட் போட்டு அதையே மாட்டலாம். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள், பெரிய விலையில்லை. கழற்றுவதற்கு முன்னால் ஹீட் ஆகிக்கொண்டிருந்த வண்டி என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். ரேடியேட்டரில் அடைப்போ, ஃபேன் சுவிட்சோ, மேலே சேலம் தம்பிக்குச் சொன்ன கசிவோ. அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கூலன்ட்டை வடித்த தட்டு போர்டிகோவில் இருந்தது. எங்கள் நாய் அதில் வாய் வைத்துவிட்டது. நன்றாகத்தான் ஓடியாடுகிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இந்தக் கடிதம் வந்ததும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எத்திலீன் கிளைகால் இனிக்கும், அதனால்தான் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். முதலில் தள்ளாடும், வாந்தி எடுக்கும், அப்புறம் சரியானது போலத் தெரியும். அதை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நன்றாக ஓடியாடினாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் மருந்து போனால்தான் பிழைக்க வழி. டப்பாவின் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். வடித்த கூலன்ட்டை மூடியுள்ள கேனில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம். தரையில் சிந்தியதன் மேல் மண்ணோ மரத்தூளோ போட்டு அள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.